பாரதியாரும் பதிப்புரிமையும்

சென்னைச் சென்ட்ரல் நிலையத்தை நோக்கி வரும் புகைவண்டிகள் பேசின் பிரிட்ஜ் சந்திப்பை அடுத்ததும் கைகாட்டிக்காகச் சிறிது நின்று செல்வது வழக்கம். அங்ஙனம் நின்றதொரு வண்டியிலே, கண்ணொளி இழந்த முதியவர் ஒருவர் கைத்தாளம் தட்டிப் பாரதியார் பாடலொன்றைப் பாடி வந்தார். உடனிருந்த மாணவ நண்பர் ஒருவர், இவர் காபிரைட் வாங்கித்தான் பாடுகிறாரோ என்று நகைத்தார். மற்றொருவர், பாரதி பாடல்களின் காபிரைட் சர்க்காருக்குச் சொந்தம் என்றார். மூன்றாமவரோ, ரிஜிஸ்தர் செய்தாலன்றிக் காபிரைட் என்பதே கிடையாது என்று சாதித்தார். ஒரு சொல்லை மூவர் மூன்று விதமாக ஆண்டனர், மூன்றும் பொருந்தாதவை. சட்டநூலை விரித்து இதனைத் தெளிவிப்பதினும், அக்கவியரசரின் வாழ்க்கையையே இந்நோக்கிற் காண்பது இனிதாமென எண்ணி இதனை எழுதப் புகுந்தோம்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் தேதி எட்டயபுரத்திலே சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். தந்தையார் இயந்திரத் தொழிலில் நாட்டங்கொண்டு பஞ்சாலை நிறுவிப் பொருளிழந்தவர். மைந்தர் இளமையிலேயே பாரதியென்னும் பட்டம் பெற்றதும், 1897-இல் செல்லம்மாளை மணந்ததும், காசியிற் பயின்றதும், 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதங்கள் ஆசிரியராயிருந்து, அவ்வாண்டிறுதியிற் சென்னைச் சுதேசமித்திரனில் அமர்ந்ததும் நம் வாசகர் நன்கறிந்தவையாதலின் அவற்றை விரியாது விடுகிறோம்.

1907-இல் நிகழ்ந்ததொன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. மிதவாதத் தலைவராகிய வி. கிருஷ்ணசாமி ஐயர், கொள்கையிலே பாரதியாரோடு மாறுபட்டவராயினும், அவர் பாடக் கேட்டு உளமுருகிச் சில பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிடுவித்து விலையின்றி வழங்கச் செய்தார். விலையின்றி வழங்கியமையாற் பாரதியாரது உரிமை ஒழிந்ததோ என்றால், இல்லை. பிரதியைக் கொடுப்பது வேறு. மீண்டும் பிரதி செய்யும் உரிமையைக் கொடுப்பது வேறு. பின்னதுதான் காபிரைட் என்னும் சொல்லின் நேர்ப்பொருள். கவிஞன் எழுதி முடித்த அப்பொழுதே அவ்வுரிமை பிறந்துவிடுகிறது என்பதே இன்றைய சட்டம். எனினும் நம் மூன்றாம் நண்பரின் மயக்கத்திற்கும் ஒரு பழங்காரணம் உண்டு. அச்சிட்ட நூல்களை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றவேண்டுமென 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அக்காலத்தில் உரிமைக்காக வழக்கிடுவோர்க்கு அப்பதிவு வேண்டியதாயிருந்தது. ஆகவே நூலின் முகப்பிலே ரிஜிஸ்தர் செய்யப்பெற்றது என்று அச்சிடும் வழக்கம் எழுந்தது. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் பதிவுக்குக் கட்டாயம் இல்லை. சட்டம் மாறியும் முகப்பு வரி மட்டும் நெடுநாள் மாறவில்லை!

1908-இல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை புகுந்த பாரதியார் அங்குச் சுமார் பத்தாண்டுகள் வதிந்தார். பாஞ்சாலி சபதத்தின் முற்பகுதி 1912-இல் வெளிவந்தது. பிற்பகுதியை அச்சிற் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. அக்காப்பியத்தின் கதை வியாச பாரதத்தினது. கதை எவர்க்கும் தனியுடைமையன்று. நாளைக்கே நம் மாணவருள் ஒருவர் அதே சபதத்தை வேறு செய்யுளாகப் பாடலாம். பாரதியார் அமைத்த சொல்லமைப்பே அவருக்கு உரியது. கருத்தைத் திருடிவிட்டான், காபிரைட் வழக்குப் போடுவேன் என்று வெகுள்வோர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை. செய்தித்தாள்களோ காப்புரிமை என்னும் ஒரே சொல்லால் இயந்திரம் கண்டுபிடித்தவனது பேடண்டையும் நூலாசிரியனது உரிமையையும் ஒருங்கே குறித்து மயக்கத்தை வளர்க்கின்றன. நூலுக்குப் பதிப்புரிமை என்பதே ஏற்றதெனத் தோன்றுகிறது.

1918-ஆம் ஆண்டு நவம்பரிற் கடலூரருகே சிறைப்பட்டு மீண்ட பாரதியார் கடையத்திலே வறுமையுற்று வாழ்ந்தார். 1920-இல் அவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். தம் எழுத்துக்களையெல்லாம் 40 நூல்களாக்கி, நூலொன்றுக்குப் பதினாயிரமாக 4 லட்சம் பிரதிகள் அச்சிடுவதென்றும், அதற்கு வேண்டும் முதலை அன்பர்கள் கடனாகத் தந்தால் வட்டியோடு திருப்புவதென்றும் அறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் அவை விலைபோகுமென்பது அவரது நம்பிக்கை. கடன் கொடுக்க முன்வந்தோர் இலர். திட்டம் கருவிலேயே அழிந்தது. பாரதியார் பாட்டை விலைகூறா முனிவரென்று மேடைகளிற் பேசுவோர் இவ்வறிக்கையை நோக்குதல் நலம். அவர் விலையை வெறுத்தாரல்லர். குறைந்த விலையில் நிறைந்த பேர்க்கு விற்று, அவ்வூதியத்தில் மானத்தோடு வாழவே விரும்பினார்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தபோது 39 வயதும் நிரம்பவில்லை. செல்லம்மாளுக்கும் இரு பெண்மக்களுக்கும் கிடைத்த ஆஸ்தி அவ்வெழுத்துக்களே. ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்குமென்பது அந்நாட் சட்டம். இந்தியாவில் அது 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆயிற்று. அக்கணக்கின்படி பாரதியார் நூல்கள் 1971 வரை குடும்பத்தாரது உடைமையாய் இருந்திருக்கவேண்டும். செல்லம்மாள் தாமே 1922-இல் சுதேச கீதங்களை வெளியிட்டுப் பார்த்தார், தொழில் நிலைக்கவில்லை. 1924-இல் பாரதியாரின் தம்பி விசுவநாதனும் பிறரும் பாரதி பிரசுராலயத்தைத் தொடங்கினர். நாளடைவில் நூலுரிமை அவர்கள் வசமாயிற்று. 1928-இல் அரசாங்கம் பாடற்புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது, பதிப்புரிமை பதிப்பைக் காவாது என்பதையும் அவர்கள் கண்டனர்.

இவ்வுரிமை ஒரே பொருளன்று. தென்னந்தோப்பு உடையவன் தேங்காயை ஒருவனுக்கும் ஓலையை ஒருவனுக்கும் குத்தகை விடுவது போல, அச்சிடும் உரிமையை ஒருவர்க்கும் இசைத்தட்டில் ஏற்றும் உரிமையை வேறொருவர்க்கும் எழுதிக் கொடுக்கலாம். 1934-இல் இசைத்தட்டு முதலியவற்றின் உரிமை ஒரு வணிக நிறுவனத்திற்குச் சொற்ப விலைக்குப் போயிற்று. தமிழ்ப் பேசும் படம் பிறந்து மூன்றாண்டே ஆகியிருந்த காலம் அது. அவ்வுரிமை என்ன விலை பெறுமென்று விற்றவர் எங்ஙனம் அறிவார்? பின்னர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவரது நாம் இருவர் படத்திலே டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்திலும் பாரதி பாடலொன்று இடம்பெறவே, உரிமை யாரதென்னும் பூசல் வழக்கு மன்றம் வரை சென்றது.

அப்பொழுதுதான் தமிழ்நாடு விழித்தது. விடுதலைக்குப் பாடியவனது பாட்டுக்கு விடுதலை இல்லையா என எழுத்தாளர் கிளர்ந்தனர், வ. ரா., ப. ஜீவானந்தம் முதலியோர் பாடல்களைப் பொதுவாக்கக் கோரினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசாங்கம் 1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உரிமையை ஏற்பதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் பொருள் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். அவரைக் கவிதையைச் சிறைவைத்தவராகப் பேசுவது முறையன்று. சட்டம் விற்பனைக்கு வைத்ததை விலை கொடுத்து வாங்கி, நாடு கேட்டபோது கொடுத்தவர் அவர். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் பெண்கள் இருவர்க்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பெற்றன. பாடல் விடுதலை பெற்ற மகிழ்ச்சியினிடையே, அதனோடு வாழ்ந்து பசித்தவர்க்கு 28 ஆண்டுகள் கழித்து வந்த அத்தொகையை நினைக்குந்தோறும் நமக்கு மனம் கூசுகிறது.

அரசாங்கம் அவ்வுரிமையைக் கையிலே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1950-களின் நடுவில் யார் வேண்டுமாயினும் அச்சிடலாமென்று திறந்துவிட்டது. ஆகவே நாட்டுடைமை என்று நாம் வழங்குவதற்குச் சர்க்காருடைமை என்பது பொருளன்று. எவர்க்கும் தடையில்லை என்பதே பொருள். பின்னாளிற் பல தமிழறிஞர்தம் நூல்களும் இவ்வழியே நாட்டுடைமையாயின.

இவ்வளவையும் கேட்ட நம் முதல் நண்பர், அங்ஙனமாயின் கல்லூரி விழாவிலே பாரதி பாடலொன்றைச் சினிமா மெட்டில் பாடி இசைத்தட்டாக வெளியிடலாமே என்றார். சொற்களுக்கு ஒருவரையும் கேட்கவேண்டுவதில்லை. மெட்டமைத்தவர் பாரதியாரல்லராதலின் அம்மெட்டுக்கு உரியவர் இருந்தால் அவரைக் கேட்டே ஆகவேண்டும் என்றோம். ஒலிப்பதிவுக்கும் அது வெளிவந்த ஆண்டினை அடுத்து 60 ஆண்டு உரிமை தனியே உண்டென்பதையும் சொன்னோம். நண்பர் சிறிது சிந்தித்து, தாமே புதுமெட்டு அமைப்பதாகச் சொல்லி முதியவரின் தாளத்தைக் கூர்ந்து கேட்கத் தொடங்கினார். கைகாட்டி இறங்கிற்று. முதியவர் அடுத்த பாடலை எடுத்தார்.