மண்ணைப் பாடநூலாக்கிய ஆசான் கார்வர்

நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருள்களை ஆக்கிக் காட்டிய அறிஞர் என்ற அளவிலேயே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நம்மவருள் பலர் அறிவர். அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த அப்பெருமகனார் ஏழை மாணாக்கர்களுக்கு மண்ணையும் செடியையும் கையால் தொட்டு ஆராயக் கற்பித்தாரே, அந்த ஆசிரியப் பணியே அவர் வாழ்வின் சாரம் என்று நாம் கருதுகிறோம். இன்று சுற்றுச்சூழல் அறிவியல் என்று கல்லூரிகளில் வழங்கும் பாடத்தை, அப்பெயர் வழக்கில் வருமுன்பே அவர் செய்முறையாக நடத்தினார்.

கார்வர் அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் ஏறத்தாழ 1864ஆம் ஆண்டில் பிறந்தார். அடிமைக் குழந்தையின் பிறப்பைக் குறித்து வைப்பார் இல்லாமையால், தம் பிறந்தநாளை அவர் இறுதிவரை அறிந்தாரில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மீட்கப்பட்டது, தாய் மேரி மீளவேயில்லை. பண்ணை உரிமையாளர் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் குழந்தையை வளர்த்தனர். நோயாளிப் பிள்ளையாதலால் கடுமையான வயல்வேலைக்கு உதவாத சிறுவன் காட்டுச் செடிகளோடு பழகினான். அக்கம்பக்கத்தார் தம் வீட்டில் வாடிய செடிகளை நலமாக்க அவனை நாடலாயினர்.

அருகிலிருந்த பள்ளி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. கல்வியைத் தேடி நியோஷோ என்னும் ஊருக்குச் சென்றார். பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் சமையல் செய்தும் துணி வெளுத்தும் படித்தார். அங்கே ஒரு கல்லூரி மடல் வழியே அவருக்கு இடம் அளித்தது. நேரில் சென்று நின்றபோது நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பியது. மடலைக் கண்டு திறந்த கதவு முகத்தைக் கண்டு மூடிக்கொண்டது. அவ்வேதனையை நம் சமுதாயத்தார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அவர் தளர்ந்துவிடவில்லை. 1890இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். செடிகளை அவர் வரைந்த திறத்தைக் கண்ட ஆசிரியை எட்டா பட், தாவரவியல் கற்குமாறு வழிகாட்டினார். 1891இல் ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். ஏனைய மாணவரோடு அமர்ந்து உண்ண அங்கும் முதலில் இடமில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடு உண்ணச் செய்தனர். அதே கல்லூரி, 1894இல் அவர் இளநிலைப் பட்டம் பெற்றதும் அவரை ஆசிரியப் பணியில் அமர்த்திக்கொண்டது. அங்கு முதன்முதல் ஆசிரியரான கறுப்பினத்தவர் அவரே. முதலாண்டு மாணவர்க்குக் கற்பித்ததோடு, செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

ஏம்ஸில் தங்கியிருந்தால் கண்ணாடி வீடும் ஆய்வுக்கூடமும் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தபோது, அவ்வாண்டே தெற்கே அலபாமா மாநிலத்து டஸ்கேகி கல்வி நிலையத்திற்குச் சென்றார். அது கறுப்பின மக்கள் தம் உழைப்பால் எழுப்பிய நிலையம். அங்கே அவருக்கென ஆய்வுக் கருவிகள் இல்லை. மாணாக்கரைக் குப்பைமேடுகளுக்கு அனுப்பி, எறியப்பட்ட புட்டிகளையும் உடைந்த பாண்டங்களையும் பொறுக்கி வரச் செய்தார். மைப்புட்டி திரியிட்ட விளக்காயிற்று. பீங்கான் கிண்ணம் அரைக்கும் உரலாயிற்று. கருவி வந்த பின்பு கற்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆய்வுக்கென அளிக்கப்பட்ட 10 ஏக்கர் நிலமும் ஏறத்தாழ அழிந்த நிலமே. ஆண்டுதோறும் பருத்தி ஒன்றையே பயிரிட்டதால் அதன் உரம் வற்றியிருந்தது. மழைநீர் மேல்மண்ணை அரித்துப் பெரும் பள்ளங்களைத் தோண்டியிருந்தது. அந்நிலத்தையே கார்வர் பாடமாக வைத்தார். மாணாக்கர்கள் பைன் மரக் கிளைகளையும் இலைகளையும் பருத்திக் கட்டைகளையும் இட்டுப் பள்ளங்களைத் தூர்த்தனர். சதுப்பு நிலச் சேற்றையும் காட்டுச் சருகையும் தொழுஎருவோடு அடுக்கடுக்காகச் சேர்த்து மக்கவைத்தனர். காராமணியை விதைத்து, அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதைக் கற்றனர். ஒரு பயிர் எடுத்ததை மற்றொரு பயிர் எவ்வாறு திருப்பித் தருகிறது என்பதை நூலில் படிக்குமுன் வயலில் கண்டனர்.

விடியுமுன் எழுந்து காட்டில் உலவுவது கார்வரின் வழக்கம். அங்கே கண்ட செடி, பூச்சி, பாறை ஆகியவற்றை வகுப்பிற்குக் கொண்டு வருவார். மாணாக்கரையும் கொண்டுவரச் சொல்வார். அது எது, எங்கே வளர்ந்தது, அருகில் என்ன இருந்தது, ஏன் அவ்விடத்தில் இருந்தது என்று வினவுவார். தனித்தனியே நிற்பது உலகில் ஒன்றுமில்லை என்னும் உண்மை அவ்வினாக்களால் மாணாக்கர் உள்ளத்தில் பதிந்தது.

விலைகொடுத்து வாங்கும் உரத்தை அவர் பெரிதும் நாடாமைக்குக் காரணம் உண்டு. அப்பகுதிக் கறுப்பின மக்களுள் மிகப் பலர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது, கடையில் பட்ட கடனில் மூழ்கியிருந்தனர். வெறுங்கையோடு நிற்பவனுக்கும் பயன்படும் அறிவே தேவை என்று கார்வர் கருதினார். அதனால் எளிய நடையில் 40க்கும் மேற்பட்ட சிற்றேடுகளை எழுதினார். 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டியொன்று டஸ்கேகியிலிருந்து சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. கொடையளித்த ஜெசப் என்பாரின் பெயரை அவ்வண்டி தாங்கியது. அதன் பொறுப்பை ஏற்ற தாமஸ் மன்ரோ கேம்பெல், கார்வரிடம் கற்ற மாணவர். கல்லூரியில் கற்றது ஊருக்குச் சென்று சேர வேண்டும் என்னும் ஆசானின் விருப்பத்தை அம்மாணவர் நிறைவேற்றினார்.

குறைகளையும் கூறுதல் முறை. நிர்வாகப் பணியில் கார்வர் திறம் காட்டவில்லை. கோழிப்பண்ணைக் கணக்கு முதலியவற்றால் வாஷிங்டனோடு பலமுறை பிணங்கினார். அவர் ஆக்கிய கடலைப் பொருள்களுள் சந்தையில் நிலைத்தவை மிகச் சில. கைத்தொழிற் கல்வியை முதன்மையாக்கினால் கறுப்பினத்தார் உழைப்பாளிகளாகவே நின்றுவிடுவர் என்று டுபாய்ஸ் போன்ற அறிஞர்கள் வாஷிங்டனின் கொள்கையை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. மண்ணைச் சீர்படுத்தும் கல்வி, அம்மண்ணின் உரிமையை உழுதவனுக்குப் பெற்றுத் தரவில்லை. எனினும் பிறர் ஏவலால் மண்ணைக் கிளறுவது வேறு. ஏன், எவ்வாறு என்று வினவி மண்ணை ஆராய்வது வேறு. முன்னதை நம் முன்னோர் மீது சுமத்தினார்கள். பின்னதைக் கார்வரின் மாணாக்கர் தம் உரிமையாகக் கற்றனர்.

1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிலக்கடலையைப் பற்றிப் பேசியதால் கார்வரின் புகழ் நாடெங்கும் பரவியது. தம் சேமிப்பை ஆய்வு அறக்கட்டளைக்கு அளித்து, 1943 ஜனவரி 5ஆம் நாள் டஸ்கேகியில் மறைந்தார். அவ்வாண்டே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்களுள் கல்லூரி மாணவர் பலர் உளர். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை என்னும் குறையை நாம் உரியவரிடம் உரக்கக் கேட்க வேண்டும். அது நம் உரிமை. கேட்டுக்கொண்டிருக்கும் காலத்திலும் நம் ஊர்க் கிணற்று நீரும், ஏரிக்கரை மண்ணும், தெருவோரச் செடியும் ஆராய்வாரை நோக்கிக் காத்திருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்து, ஏன் என்று கேட்பதிலிருந்து நம் கல்வியைத் தொடங்குவோமாக.