பஞ்ச்கனி முதல் வெம்ப்ளி வரை: ராக் இசை நாயகன் ஃப்ரெட்டி மெர்குரியின் வாழ்க்கைப் பயணம்

உலக ராக் இசை வரலாற்றில் அழியாத இடம் பெற்ற 'குயின்' இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி, எய்ட்ஸ் நோயுடன் தொடர்புடைய நிமோனியாவால் 1991 நவம்பர் 24 அன்று லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. தமக்கு அந்நோய் இருப்பதை அவர் உலகுக்கு அறிவித்தது அதற்கு முந்தைய நாளில்தான். கோடிக்கணக்கான ரசிகர்களைக் கவர்ந்த இக்கலைஞரின் பள்ளிப் பருவம் இந்தியாவில் கழிந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

பார்சி குடும்பத்தின் பிள்ளை

1946 செப்டம்பர் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சான்சிபார் தீவில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஃபரூக் பல்சாரா. பெற்றோர் பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். தந்தை போமி, பிரிட்டிஷ் நிர்வாகத்தில் காசாளராகப் பணியாற்றினார். குஜராத்தின் புல்சார், அதாவது இன்றைய வல்சாட் நகரமே, குடும்பப் பெயருக்கு மூலம்.

8 வயதில் மகாராஷ்டிராவின் மலைநகரமான பஞ்ச்கனியில் உள்ள புனித பீட்டர் உறைவிடப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கேதான் ஃப்ரெட்டி என்ற பெயர் நிலைத்தது. பள்ளித் தோழர்களுடன் 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கி, அதில் பியானோ வாசித்தார்.

1964-இல் சான்சிபாரில் வெடித்த புரட்சி குடும்பத்தின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. அரேபியரும் இந்திய வம்சாவளியினரும் தாக்குதலுக்கு உள்ளான நிலையில், பல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தது. ஃப்ரெட்டிக்கு அப்போது வயது 17. லண்டனில் வரைகலை பயின்ற அவர், ஹீத்ரோ விமான நிலையத்தில் சுமை தூக்கும் பணியும் செய்தார். கென்சிங்டன் சந்தையில் பழைய ஆடைகளையும் விற்றார்.

'குயின்' உதயம்

1970-இல் கிதார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்தார். குழுவுக்கு 'குயின்' எனப் பெயரிட்டு, தம் பெயரையும் மெர்குரி என மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு பாஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் சேர்ந்தார். குழுவின் சின்னத்தை வரைந்தவரும் மெர்குரியே.

1975-இல் அவர் எழுதிய 'பொஹீமியன் ராப்சோடி' கிட்டத்தட்ட 6 நிமிடம் நீண்டது. வானொலிக்கு ஏற்ற நீளமல்ல என இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. பாலட், ஓபரா, ராக் ஆகிய மூன்றையும் ஒரே பாடலில் இணைத்த அப்படைப்பின் ஓபரா பகுதியை மட்டும் பதிவு செய்ய ஏறத்தாழ 3 வாரங்கள் பிடித்தன. தயக்கங்களைப் பொய்யாக்கி, பிரிட்டன் தரவரிசையில் 9 வாரங்கள் அது முதலிடம் வகித்தது.

வெம்ப்ளியில் ஓர் எழுச்சி

1984-இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நீடித்த காலத்தில், அங்குள்ள சன் சிட்டியில் பாடியதற்காகக் குழு கடும் கண்டனத்தைச் சந்தித்தது. இந்நிலையில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடைபெற்ற 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் 'குயின்' மேடையேறியது. தங்களுக்குரிய விளக்கு அலங்காரம் எதுவுமின்றி, பகல் வெளிச்சத்தில், 20 நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் குழு தன் புகழ்பெற்ற பாடல்களைப் பாடியது. சுமார் 72,000 பேர் ஒரே தாளத்தில் கைதட்டினர். ராக் வரலாற்றின் தலைசிறந்த மேடை நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

மௌனத்தில் ஒரு போராட்டம்

1987-இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. எய்ட்ஸ் நோயாளிகளைச் சமூகம் வெறுத்து ஒதுக்கிய காலம் அது. உடல் மெலிவதைக் கண்ட பத்திரிகைகள் ஊகங்களை வெளியிட்டன. இறுதி நாள்களில் நிருபர்கள் அவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தனர். உண்மை அறிந்த குழுவினர் ரகசியம் காத்தனர். மெர்குரியோ உடல் ஒத்துழைத்தவரை பாடல் பதிவைத் தொடர்ந்தார். 1991 மே மாதம் படமாக்கப்பட்ட அவரது கடைசிக் காணொளி, உடல்நலிவு தெரியாதிருக்கக் கறுப்பு வெள்ளையில் வெளியிடப்பட்டது.

நோயை இன்னும் முன்னரே அறிவித்திருந்தால் பலருக்கு விழிப்புணர்வு கிடைத்திருக்கும் என்ற விமர்சனம் எழுந்தது. நோயுற்றவரின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்ற வாதமும் உடன் எழுந்தது. இறுதிச் சடங்கு, பெற்றோர் முன்னிலையில் ஜொராஸ்ட்ரிய மரபுப்படி நடைபெற்றது.

மறுவெளியீடு கண்ட 'பொஹீமியன் ராப்சோடி' மீண்டும் முதலிடம் பிடித்தது. அதன் வருவாய் எய்ட்ஸ் தொண்டு அமைப்புக்கு வழங்கப்பட்டது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளியில் அஞ்சலி இசை நிகழ்ச்சி நடந்தது. தொடர்ந்து, சக கலைஞர்கள் நிறுவிய மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை, எய்ட்ஸுக்கு எதிரான பணிகளுக்கு நிதி அளித்து வருகிறது. நோயின் போக்கையே மாற்றிய கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல் நடைமுறைக்கு வந்தது. மெர்குரி மறைந்து அப்போது 5 ஆண்டுகளே ஆகியிருந்தன.