துணிக்கடைக்காரர் கண்ட துளி உலகம்!

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. தறிச் சத்தம் கேட்கும் ஊர். துணியின் நெருக்கத்தை அறிய, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவது துணித் தொழிலில் வழக்கம். அப்படி இழை பார்த்துப் பழகிய ஒரு துணிக்கடைக்காரர்தான் உலகில் முதன்முதலாக பாக்டீரியாவைக் கண்டவர்! அவர் பெயர் ஆன்டன் வான் லீவன்ஹுக்.

1632-ம் ஆண்டு ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். அப்பா கூடை முடைபவர். ஆன்டன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகினார் ஆன்டன். பிறகு ஊர் திரும்பி, சொந்தக் கடை வைத்தார். நகர மன்றத்திலும் வேலை பார்த்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது.

ஆனால், கைத்திறமை இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் நுண்ணோக்கிகளை அவரே செய்தார். இரண்டு உலோகத் தகடுகள். நடுவே மிகச் சிறிய லென்ஸ். பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசி முனையில் வைப்பார். லென்ஸுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். அதுதான் ஃபோகஸ்! திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினாலும் எல்லாம் மங்கிவிடும். இன்று எஞ்சியிருப்பவற்றில் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது.

1674-ல் ஏரித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். 1676-ல் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, இன்னும் சிறிய உயிர்கள் கூட்டமாகத் துள்ளின. அவைதான் பாக்டீரியா!

லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தன் டச்சு மொழியிலேயே எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. ஆன்டன் சோர்ந்துவிடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ல் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானியும் முயன்று, தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். 1680-ல் ராயல் சொசைட்டி ஆன்டனை உறுப்பினர் ஆக்கியது. கடைசிவரை ஆராய்ச்சி செய்தவர், 1723-ல் தன் 90-வது வயதில் காலமானார்.

அவர் விரல்கள் செய்த வேலையை இன்று ஒரு கருவி செய்கிறது. தெரியுமா? மனித உடலின் செல்களை 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உயிரோடு வைத்து, விடிய விடியப் படம் எடுக்கிறார்கள். வெப்பம் சற்று மாறினாலும் நுண்ணோக்கியின் உலோகம் விரியும் அல்லது சுருங்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே படம் மங்கிவிடும். இரவு முழுவதும் திருகைத் திருப்பிக்கொண்டே ஒருவர் உட்கார்ந்திருக்க முடியுமா?

அதனால் ஃபோகஸ் திருகில் ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, செல்களைத் தாங்கும் மெல்லிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும். அது விழும் இடம் மாறினால், தூரம் மாறிவிட்டது என்று பொருள். உடனே மோட்டார் திருகைச் சரிசெய்துவிடும். பழைய நுண்ணோக்கியிலும் இப்படி மோட்டார் பொருத்தலாம்.

குட்டி நண்பர்களே! பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி மங்கலாகத் தெரிந்தால், ஒன்றும் இல்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். திருகை மெல்ல, மெல்லத் திருப்புங்கள். துணிக்கடைக்காரருக்குத் தெரிந்த உலகம் உங்களுக்கும் தெரியும்!