அஞ்சாத பாதிரியார்

1779-ம் ஆண்டு. மைசூரை ஆண்ட ஹைதர் அலி படையெடுப்பாரோ என்று சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் கலங்கியிருந்த நேரம். அவர் எண்ணத்தை அறிந்துவர, தஞ்சையில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் பாதிரியாரை சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள்.

1726-ல் ஜெர்மனியில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றவர் அவர். ரத்தம் சிந்துவதைத் தடுக்க முடிந்தால் அதுவும் தேவ ஊழியமே என்று நம்பி, துணிந்து புறப்பட்டார். ஹைதர் மரியாதையுடன் வரவேற்றார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த பணம் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று.

ஆனாலும் 1780-ல் போர் மூண்டது. பாதிரியாரைத் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தம் படைக்கு உத்தரவிட்டிருந்தார். தஞ்சைக் கோட்டைக்குள்ளோ பட்டினிச் சாவு. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் மாடுகளைத் தர மறுத்தார்கள். கூலிக்குத் தாமே பொறுப்பு என்றார் பாதிரியார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

1798 பிப்ரவரி 13-ல் தஞ்சையில் காலமானார். தகப்பனை இழந்த பிள்ளைபோல் சரபோஜி மன்னர் அழுதார். பளிங்கில் நினைவுச் சின்னமும் வைத்தார். ஆண்டவரை நம்பியவரை, போர்க்காலத்தில் இரு தரப்பாரும் நம்பினார்கள்.