சர்தார் வேதரத்தினமும் மூன்றாம் பாரமும்

கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் ஆறேழு மைல். உப்பளத்துக்கும் வலைக்கும் போகும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பைத் தாண்டி மேலே படிக்க விரும்பினால், அக்காலத்தில் இந்தத் தூரமே அவளுக்கு மதிலாக நின்றது. அம்மதிலை இடிக்க முயன்றவர்களில் முதன்மையாக எண்ணத்தக்கவர் காலஞ்சென்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையவர்கள்.

1897-ம் வருஷம் வேதாரண்யத்தில் பிறந்த பிள்ளையவர்களை நாடு அறிந்தது 1930-ல். ராஜாஜி ஏப்ரல் 13-ந் தேதி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். அந்த யாத்திரை வேதாரண்யத்தை நோக்கியதற்கும், வந்தவர்களுக்கு வேண்டியவை அங்கே தயாராயிருந்ததற்கும் பிள்ளையவர்களே பெரிதும் காரணர். தொண்டர்களுக்குச் சோறிடுவது குற்றமென்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் பயமுறுத்திய நாட்கள் அவை. ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளப்பட்டது. சிறைவாசம் பிள்ளையவர்களையும் விடவில்லை. சர்தார் என்ற பட்டம் ஜனங்கள் சூட்டியது.

இவ்வளவும் பலர் சொல்லக் கேட்டதே. நாம் அதனினும் பெரிதாகக் கருதுவது 1946-ம் வருஷத்து வேலையை. அன்னை கஸ்தூரிபா சிறையில் உயிர் நீத்து இரண்டாண்டு கழிந்திருந்தது. அவர் பெயரால் ஒரு கன்னியா குருகுலத்தைப் பிள்ளையவர்கள் வேதாரண்யத்தில் தொடங்கினார். ஆதரவற்ற பெண்களும் ஏழைப் பெண்களும் அங்கேயே தங்கி, உண்டு, படித்தார்கள். சோறும் படுக்கையும் பள்ளியும் ஒரே வளைவுக்குள் இருந்தால், பெண் பூப்பெய்தினாள் என்றோ, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்றோ படிப்பை நிறுத்துவது எளிதன்று. இந்தச் சூக்ஷ்மத்தை அவர் நன்கறிந்திருந்தார் என்றே நாம் நினைக்கிறோம்.

பள்ளியிற் சேர்ந்தோர் தொகையை மகிழ்ச்சியோடு வெளியிடுவது சர்க்கார்களின் வழக்கம். மூன்றாம் பாரத்தை, அதாவது எட்டாம் வகுப்பை, முடித்தவர் தொகை அவ்வளவு உரக்கப் பேசப்படுவதில்லை. சேர்ப்பதற்கு ஒரு நாள் போதும். முடிப்பதற்கு எட்டு வருஷம் வேண்டும். இடையில் ஒரு புயல், ஒரு கடன், தகப்பனாருக்கு ஒரு நோய் வந்தாலும் பிள்ளை நின்றுவிடும். 1951-ம் வருஷத்து ஜனக்கணக்கில், இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று இத்தகைய ஸ்தாபனத்தை ஒரு கடற்கரை ஊரில் நடத்துவது, உப்பள்ளிச் சிறை செல்வதைக் காட்டிலும் பொறுமை வேண்டிய காரியம். சிறைக்காவது விடுதலைத் தேதி உண்டு.

1957-ல் பிள்ளையவர்கள் திருத்துறைப்பூண்டித் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். அப்போது முதல் மந்திரி காமராஜர். அவரும் வேதாரண்ய உப்புப் போரின் பொருட்டுச் சிறை சென்றவர். மூன்றாம் பாரத்தை எட்டாமலே பள்ளியை விட்டவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கிவைத்தவர் அவரே என்பது தற்செயலன்று.

பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி பத்தாண்டுகளுக்குள் அளிக்க முயல வேண்டுமென்று 1950-ல் அரசியலமைப்புச் சட்டம் கூறியது. 1960-ல் கெடு கடந்தது; காரியம் முடியவில்லை. 1961 ஆகஸ்டில் பிள்ளையவர்கள் காலமானார். கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது 2009-ல். அமலுக்கு வந்தது 2010 ஏப்ரலில். குருகுலமோ அதற்குள் அறுபது வருஷத்தைக் கடந்திருந்தது.

அந்தக் கரையில் உப்பு நன்றாய் விளைவதும், உப்பளத்துக்குக் கூடுதல் கைகள் வேண்டியிருப்பதும் பங்குனி, சித்திரை வெயிலில். பள்ளிக்கூடங்களில் வருஷப் பரீக்ஷை வருவதும் அந்த வெயிலில்தான்.