விருந்தினராக வாழ்ந்த துறவி

கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் வழங்கும் அறிவுரைகளுள் ஒன்றாக, விருந்தினரை இறைவனாகப் போற்றும் கடமையைத் தைத்திரீய உபநிடதம் கூறுகிறது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தளிப்பவரின் கடமையை நம் நூல்கள் இவ்வாறு விரிவாகப் பேசுகின்றன. விருந்தினராகச் செல்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு அல்லவா? தன்னை இறைவனாகப் பாவித்து உபசரிப்பவரை அவர் எவ்விதம் காண வேண்டும்? சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டு இல்லங்களில் வாழ்ந்த விதம் இக்கேள்விக்கு விடையாக அமைகிறது.

1893 மே 31-ஆம் நாள் சுவாமிஜி பம்பாயிலிருந்து கப்பலேறினார். அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணம் அவருடைய பயணத்திற்கு உதவியது. ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்தபோது, சர்வமத மகாசபை தொடங்க இன்னும் பல வாரங்கள் இருப்பதை அறிந்தார். அந்நகரின் செலவைத் தாங்க இயலாமல் பாஸ்டன் பகுதிக்குப் புறப்பட்டார். ரயிலில் அறிமுகமான கேட் சான்பர்ன் என்ற எழுத்தாளர் தமது பண்ணை இல்லத்தில் தங்குமாறு அவரை அழைத்தார். அங்கே ஒரு சங்கடமும் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த அபூர்வப் பொருளைக் காட்டுவதுபோல் அவரைத் தம் நண்பர்களுக்குக் காட்டி மகிழ்ந்தார் அந்த அம்மையார். சுவாமிஜி இதனை உணராமல் இல்லை. தமக்கு நாளொன்றுக்கு ஒரு பவுன் மிச்சம், அவருக்கோ நண்பர்களிடம் காட்ட ஓர் அதிசயப் பொருள் என்று அளசிங்கருக்கு நகைச்சுவையுடன் எழுதினார். தன்மானமுள்ள துறவி அந்த உபசரிப்பில் கலந்திருந்த சிறு அறியாமையைப் பெரிதுபடுத்தவில்லை. அதன் அடியில் இருந்த நல்லெண்ணத்தையே ஏற்றுக்கொண்டார். அந்த இல்லத்தின் வழியாகவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ரைட்டின் நட்பும், அவர் மூலம் மகாசபைக்கான அறிமுகக் கடிதமும் கிட்டின.

குழந்தையும் துறவியும்

மகாசபை நடந்த செப்டம்பர் 11 முதல் 27 வரையிலான நாட்களில், ஜான் லயன் என்பவரின் சிகாகோ இல்லத்தில் சுவாமிஜி தங்கினார். அவ்வீட்டில் அப்போது தங்கியிருந்த வேறு சில விருந்தினர் கறுத்த நிறத்தவருடன் பழக விரும்பாத தென்மாநிலத்தவர். இதனால் இல்லத்தரசி கவலையுற்றார். ஆனால் சுவாமிஜியுடன் சிறிது நேரம் உரையாடிய லயன், மற்ற விருந்தினர் அனைவரும் வெளியேறினாலும் கவலையில்லை, இவர் விரும்பும்வரை இங்கேயே தங்கலாம் என்று கூறிவிட்டார்.

லயன் தம்பதியரின் பேத்தி கார்னீலியாவுக்கு அப்போது ஆறு வயது. உலகப் புகழ் வாசலில் வந்து நின்ற அந்நாட்களிலும், சுவாமிஜி அக்குழந்தைக்கு இந்தியாவின் குரங்குகளையும் மயில்களையும் பற்றிக் கதை சொல்ல நேரம் ஒதுக்கினார். தலைப்பாகை கட்டும் விதத்தைக் காட்டி மகிழ்வித்தார். பின்னர் சொற்பொழிவுகளால் கிடைத்த பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, சிறுவன் தாயிடம் தருவதுபோல் லயன் அம்மையாரின் மடியில் கொட்டினார். அந்த அம்மையார் அந்நாட்டு நாணயங்களை அடையாளம் கண்டு எண்ணி அடுக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அறியாததை அறியாதென்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. உபசரிப்பவரைத் தாயாகக் கண்டதே இதற்குக் காரணம்.

வீட்டின் நம்பிக்கை

மகாசபை தொடங்குவதற்குச் சற்று முன்னர், முகவரியைத் தொலைத்துவிட்டு, ரயில் நிலையச் சரக்குப் பகுதியில் இரவைக் கழித்து, மறுநாள் வாசல்தோறும் விரட்டப்பட்டுச் சாலையோரம் அமர்ந்திருந்த அவரை உள்ளே அழைத்து உணவளித்தவர் திருமதி ஹேல். பின்னர் பல மாதங்கள் அவ்வில்லமே சுவாமிஜிக்குத் தலைமையிடம் போல் விளங்கியது. ஹேல் தம்பதியரை அவர் அன்னை என்றும் தந்தை என்றும் அழைத்தார்; அவ்வீட்டுப் பெண்கள் நால்வரும் அவருக்குச் சகோதரிகள் ஆயினர்.

புகழ் வளர வளரப் பொறாமையும் வளர்ந்தது. இளம்பெண்கள் உள்ள வீட்டில் இவரைச் சேர்க்காதீர்கள் என்று பெயரிடப்படாத கடிதம் ஒன்று ஹேலுக்கு வந்தது. அவர் அதனை நெருப்பில் இட்டார். டெட்ராய்டில் முன்னாள் ஆளுநரின் துணைவியார் திருமதி பேக்லியின் இல்லத்தில் 1894-இல் சுவாமிஜி தங்கியதைப் பற்றியும் அவதூறு பரப்பப்பட்டது. அந்த அம்மையாரே முன்வந்து, தம் வீட்டில் வாரக்கணக்கில் வாழ்ந்த அவருடைய ஒழுக்கத்திற்குச் சான்றளித்துக் கடிதங்கள் எழுதினார். மேடையில் ஒரு மணி நேரம் உயர்ந்தவராகத் தோன்றுவது எளிது. ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடம் எதையும் மறைக்க முடியாது. அயல்நாட்டில் சுற்றமோ நண்பரோ அற்ற அத்துறவிக்கு அரணாக நின்றவை, அந்த இல்லங்களில் அவர் வாழ்ந்த தூய நாட்களே!

அதற்காகச் சுவாமிஜி உபசரித்தவரை மகிழ்விக்கத் தம் கருத்தை மறைத்தவர் அல்லர். கிறிஸ்தவப் போதகர் ஒருவருடன் நடந்த விவாதத்தில் அவர் கடுமையாகப் பேசியதைச் சகோதரி மேரி ஹேல் கண்டித்தபோது, சத்தியத்தை இனிப்பாக்கி விற்கத் தம்மால் ஆகாது என்ற பொருளில் 1895 பிப்ரவரியில் உறுதியாகப் பதில் எழுதினார். அன்பு குறையவில்லை, கடிதத் தொடர்பும் நிற்கவில்லை. நன்றியுணர்வு வேறு, முகஸ்துதி வேறு.

பொறுமையும் மகிழ்ச்சியும்

எல்லா வீடுகளும் இனியவையாக அமையவில்லை. 1895-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஸ்டர்டி என்ற அன்பரின் இல்லத்தில் தங்கியபோது, வேகவைத்த கோசும் உருளைக்கிழங்கும் சோறும் பருப்புமே மூன்று வேளையும் உணவு. அங்கிருந்தபோது சுவாமிஜி ஒருநாளும் குறை கூறவில்லை, நாள்தோறும் பணியாற்றினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், மேலைநாட்டில் சுகபோகமாக வாழ்ந்தார் என்று ஸ்டர்டியே குறை கூறியபோதுதான் அவர் அந்நாட்களை வேதனையுடன் நினைவூட்டினார். உண்ணும்போது முறையிடாத நாவு, துறவின் பெயருக்குக் களங்கம் வந்தபோது மௌனம் கலைத்தது.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெற்குப் பசடேனாவில் மீட் சகோதரியர் மூவரின் எளிய வீட்டில் சில வாரங்கள் தங்கினார். அங்கே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து மசாலா அரைத்தார், கறி சமைத்தார், சிறுவர்களுக்குப் பிடித்த சப்பாத்தி செய்தார். நெய்யில் மசாலா தாளிக்கும்போது எழும் புகை கண்ணைக் கரிக்கும் என்பதால், முன்கூட்டியே வேடிக்கையாக எச்சரித்துப் பெண்களை வெளியே போகச் சொல்வார். உலகம் போற்றிய ஞானி, ஒரு சமையலறையில் பிறர் கண்கள் எரியக்கூடாதே என்று கவலைப்பட்டார்!

அச்சகோதரியருள் ஒருவரான கேரி வைக்காஃப் பிற்காலத்தில் சகோதரி லலிதா என்று அழைக்கப்பட்டார். 1929-இல் ஹாலிவுட்டிலிருந்த தமது வீட்டை அவர் சுவாமி பிரபவானந்தரிடம் ஒப்படைத்தார். தென் கலிபோர்னிய வேதாந்த சங்கம் அங்குதான் வேரூன்றியது. சில வாரங்கள் தங்கிச் சென்ற விருந்தினரின் நினைவு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு கனிந்தது.

இன்று நம் பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் பணிக்காகவும் அயல்நாட்டு இல்லங்களில் தங்குகின்றனர். அறியாமையால் எழும் சொல்லைப் பொறுப்பதும், அவ்வீட்டுக் குழந்தைகளிடம் அன்பு காட்டுவதும், வேலையில் பங்கேற்பதும், நம்பிக்கைக்கு ஊறு நேராமல் காப்பதும், தன் கொள்கையை மரியாதையுடன் கூறுவதும் அவர்களுக்குச் சுவாமிஜியின் வாழ்க்கை காட்டும் நெறி. விருந்தளிப்பவர் விருந்தினரிடம் இறைவனைக் காண்கிறார். விருந்தினரும் அவ்வாறே காணும்போதுதான் அந்த வழிபாடு நிறைவடைகிறது. இவ்வுலகில் நாம் அனைவருமே சில காலம் தங்கிச் செல்லும் விருந்தினர்தாமே!