கமக்காரரிடம் பாடம் படித்த அல்பர்ட் ஹவார்ட்

பூச்சியைக் கொல்லும் நஞ்சை நாம் ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம். பயிரில் பூச்சி விழுந்தால் அது நோய், அடிப்பது மருந்து. சேதன விவசாயத்தின் முன்னோடியான சேர் அல்பர்ட் ஹவார்ட் இதை வேறு விதமாகப் பார்த்தார். அப்படிப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பீகாரின் சிறு கமக்காரர்கள்.

1873இல் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹவார்ட், கேம்பிரிட்ஜில் படித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தார். தான் சொல்லும் பரிகாரத்தைத் தானே செய்து பார்க்க ஒரு துண்டு நிலமும் இல்லையே என்ற உறுத்தல் அங்கேயே தொடங்கிவிட்டது.

1905இல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. அயல் கிராமங்களின் வயல்கள் அவரை வியக்கவைத்தன. கிருமிநாசினி எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் பயிர்களில் பூச்சித் தொல்லை மிகக் குறைவு. தானியத்தோடு பருப்புப் பயிரைக் கலந்து விதைத்தார்கள். கற்பிக்க வந்தவர் மாணவரானார். கிராமத்தவர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து, மருந்தில்லாமல் நல்ல பயிர் எடுக்கப் பழக அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. பூச்சி வந்தால் மண்ணிலோ, தெரிந்த இனத்திலோ, செய்த முறையிலோ பிழை இருக்கிறது. பூச்சியைக் கொல்வது அந்த எச்சரிக்கையை மறைப்பதாகும் என்பது அவரது முடிவு.

கிராமத்தவரிடமும் ஒரு குறையைக் கண்டார். சாணத்தை எரிபொருளாக்கியதால் வயலுக்கு எரு போதவில்லை. 1924 முதல் இந்தோரில் பயிர்க் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் கூட்டெருவாக்கும் முறையை உருவாக்கினார். தாவரவியலாளரான மனைவி கப்ரியேல் இந்த ஆய்வுகளில் சரிபாதி. அவர் 1930இல் இறந்தார். மறு ஆண்டே ஹவார்ட் இந்தியாவை விட்டார்.

நல்ல மண் எல்லா நோயையும் தடுத்துவிடும் என்ற அவரது நம்பிக்கை மிகையானது. ஆனால் அவர் அவசரப்படவில்லை. இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, பழகிக்கொள்ள அவகாசமில்லாமலே நமது கமக்காரர்கள் பெரும்போகத்தில் இறங்க வேண்டியிருந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது விதைப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

ஹவார்ட் இலங்கைக்கும் வந்தவர்தான். 1930களின் பிற்பகுதியில் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1947இல் காலமானார்.